பசுமைச் சான்றும் சாட்சியத்தின் இலக்கணமும்

சில ஆண்டுகளுக்கு முன், அரபுக் கையெழுத்துப் படிகள் குறித்த கருத்தரங்கொன்றில் கலந்துகொள்ளக் கடலோர நகரம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். ஏற்பாட்டாளர்கள் எங்களைத் தங்கவைத்த விடுதி, அரபுக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் தம் கைப்பொருளைக் கொண்டு தங்கக்கூடியதன்று. ஃபஜ்ருத் தொழுகைக்கு உளூச் செய்யக் குளியலறைக்குள் நுழைந்தபோது, கண்ணாடிக்கு அருகில் சிறிய அட்டை ஒன்று கண்ணில் பட்டது. பூமியைக் காப்பது நம் அனைவரின் கடமை என்றும், துண்டைக் கொக்கியில் மாட்டினால் அதனையே மீண்டும் பயன்படுத்த விரும்புகிறீர்கள் எனக் கொள்வோம் என்றும், தரையில் போட்டால் மாற்றித் தருவோம் என்றும் அதில் அச்சிட்டிருந்தார்கள். மூலையில் ஒரு பச்சை இலை. கீழே வரவேற்புக் கூடத்தில், விடுதியின் சுற்றுச்சூழல் பொறுப்பைப் பாராட்டும் சான்றிதழ் ஒன்று சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தது.

பலாகா எனும் அணியிலக்கணத்தைக் கற்பிப்பவனுக்கு எந்த வாசகத்தையும் அதன் சொல்லாலும் சொல்லாமையாலும் எடைபோடும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. வாக்கியத்தில் எது விடுபட்டுள்ளது என்று தேடுவதை நம் ஆசிரியர்கள் ‘ஹத்ஃப்’ என்னும் தலைப்பில் கற்பித்தார்கள். அந்த அட்டையில் பேசுபவர் விடுதி உரிமையாளர், கேட்பவர் விருந்தினர். கடமை விருந்தினர்மீது சுமத்தப்படுகிறது. சலவைக் கூலியும் நீரும் மின்சாரமும் மிச்சமாவது உரிமையாளருக்கு. ஆனால் வாக்கியத்தின் எழுவாயாக வீற்றிருப்பதோ பூமி! மிச்சப்படும் பணம் யாருக்கு என்பதே அங்கு விடுபட்ட சொல்.

இதனை முதலில் கண்டவன் நானல்லன். 1986ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் ஆர்வலரான ஜே வெஸ்டர்வெல்ட் எழுதிய கட்டுரையொன்றில் இதே துண்டு அட்டையைச் சுட்டிக்காட்டி, இன்று உலகெங்கும் வழங்கும் ‘கிரீன்வாஷிங்’ என்ற சொல்லை உருவாக்கினார். பச்சைப் பூச்சு என்று நாம் அதனைத் தமிழில் சொல்லலாம். பசிபிக் தீவுகளில் தங்கியபோது, துண்டுகளை மிச்சப்படுத்தச் சொன்ன ஒரு விடுதியே மறுபுறம் தன் கட்டடங்களை விரிவுபடுத்திக்கொண்டிருந்ததை அவர் கண்டிருந்தார். ஆக, பச்சைப் பூச்சு என்ற சொல் பிறந்ததே விடுதி அறையில்தான். எண்ணெய்க் கிணற்றிலோ ஆலைப் புகைபோக்கியிலோ அது பிறக்கவில்லை என்பது சுற்றுலாத் தொழில் சிந்திக்கவேண்டிய செய்தி.

துண்டு அட்டை உரிமையாளரின் சொந்தக் கூற்று. சட்டமிட்ட சான்றிதழோ மூன்றாமவர் ஒருவரின் கூற்று. அதன் மதிப்பு முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் தங்கியிருக்கிறது. அதாவது, சான்றிதழ் என்பது ஒரு சாட்சியம்; ஷஹாதத். எவருடைய சாட்சியத்தை ஏற்பது, எவருடையதை மறுப்பது, சாட்சியை யார் சோதிப்பது என்பவற்றை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நுணுகி ஆராய்ந்த மரபு நம்முடையது. அந்த அளவுகோலை இந்தப் பச்சை முத்திரைகளின்மீது வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முத்திரைகள் வந்த வழி

சுற்றுலாவுக்கான சுற்றுச்சூழல் முத்திரைகளில் மூத்தவற்றுள் ஒன்று நீலக்கொடி. 1985இல் பிரான்சில் தொடங்கி, 1987இல் ஐரோப்பா முழுமைக்கும் விரிந்தது. நீரின் தூய்மை, கழிவு மேலாண்மை, பாதுகாப்பு, பொதுமக்களுக்கான அறிவிப்பு ஆகியன தொடர்பான 33 அளவுகோல்களை நிறைவு செய்யும் கடற்கரைக்கு அக்கொடி கிடைக்கும். 1992இல் ரியோ நகரில் நடைபெற்ற புவி உச்சி மாநாட்டைத் தொடர்ந்து, உலகப் பயண, சுற்றுலா மன்றம் 1994இல் ‘கிரீன் குளோப்’ என்ற முத்திரையைத் தோற்றுவித்தது. 1997இல் கோஸ்டாரிக்கா அரசின் சுற்றுலா நிறுவனம், விடுதிகளைத் தரம் பிரித்து இலைகளால் குறிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது.

முத்திரைகள் பெருகவே, அவற்றுள் எது மெய், எது பொய் என்ற கேள்வியும் பெருகிற்று. 2000ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் மோகாங்க் என்னும் மலை விடுதியில் கூடிய வல்லுநர்கள், சுற்றுலாச் சான்றளிப்பு எவ்வாறு அமையவேண்டும் என்று ஓர் உடன்படிக்கை வகுத்தனர். 2008இல் உலகளாவிய நிலைத்த சுற்றுலா அளவுகோல்கள் வெளியிடப்பட்டன. நிர்வாகம், சமூக பொருளாதாரப் பயன், பண்பாடு, சுற்றுச்சூழல் எனும் நான்கு தூண்கள்மீது அவை அமைந்துள்ளன. அவற்றைப் பேணும் மன்றம் விடுதிகளுக்கு நேரடியாகச் சான்று வழங்குவதில்லை. சான்று வழங்கும் நிறுவனங்களைச் சோதித்து அவற்றுக்கு ஏற்பளிக்கும் ஏற்பாட்டைச் செய்கிறது.

ஹதீஸ் கலை பயின்றவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாகத் தோன்றாது. செய்தி ஒன்று, அதனை அறிவிப்பவர் ஒருவர், அவர் நம்பகமானவரா எனச் சொல்பவர் இன்னொருவர். ஜர்ஹ், தஅதீல் எனும் குறைநிறை ஆய்வு இந்தச் சங்கிலியின்மேல்தான் எழுந்தது. மேற்குலகம் இருபதாண்டுக் காலம் தடுமாறி இந்த இடத்திற்கு வந்து சேர்ந்திருக்கிறது. குறையொன்றும் இல்லை, வந்து சேர்ந்ததைப் பாராட்டவே வேண்டும். எனினும் சங்கிலி இருப்பது மட்டும் போதாது. அதன் ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்க்கவேண்டும்.

முதற்கேள்வி: கூலி தருபவர் யார்?

தனக்கே பயன் ஈட்டித் தரும் சாட்சியத்தை ஃபிக்ஹு ஏற்பதில்லை. சாட்சி பொய்யர் என்பது அதன் காரணமன்று. நேர்மையாளரே ஆயினும் ஐயத்திற்கு இடமுண்டு என்பதே காரணம். இதனைச் சட்ட அறிஞர்கள் ‘துஹ்மத்’ என்பர். இன்று பெரும்பாலான பசுமைச் சான்றுகளுக்கான கட்டணத்தைச் செலுத்துவது யார்? சோதிக்கப்படும் விடுதியே. ஒரு நிறுவனம் கடுமை காட்டினால் விடுதி மற்றொரு நிறுவனத்தை நாடலாம். தணிக்கையாளர் எவ்வளவு நல்லவராயினும், அவருடைய அடுத்த ஆண்டு வருமானம் இந்த ஆண்டு அவர் எழுதும் அறிக்கையோடு பிணைந்து கிடக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் ஸகாத் வசூலிக்க அனுப்பிய இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, ஒரு பகுதி உங்களுக்குரியது, மறுபகுதி எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று கூறியதையும், அவர் தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் நபியவர்கள் கடிந்துரைத்ததையும் புகாரீயில் காண்கிறோம். அந்த ஒரு கேள்விக்குள் நிறுவனவியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. பதவியால் வரும் பணம், பதவியின் நேர்மையைத் தின்னும்.

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் ஹிஸ்பா குறித்து நூலியற்றிய ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிப் வணிகரிடமும் கைவினைஞரிடமும் அன்பளிப்புப் பெறுவதைக் கையூட்டாகவே கருதுகிறார். இமாம் மாவர்தீ (இறப்பு ஹி. 450), தாமாக முன்வந்து நன்மையை ஏவுபவருக்கும் நியமிக்கப்பட்ட முஹ்தஸிபுக்கும் இடையே ஒன்பது வேறுபாடுகளைப் பட்டியலிடுகிறார். முஹ்தஸிப் பைத்துல்மாலிலிருந்து ஊதியம் பெறலாம் என்பது அவற்றுள் ஒன்று. ஊதியம் தேவை என்பதை அவர் மறுக்கவில்லை. அது எந்தப் பையிலிருந்து வரவேண்டும் என்பதைத் தெளிவாக்கிவிட்டார்.

இங்கே அவசரத் தீர்ப்பும் கூடாது. கூலி பெற்றுக்கொண்டு ஹதீஸ் அறிவிப்பவரின் அறிவிப்பை ஏற்கலாமா என்ற விவாதத்தை இப்னுஸ் ஸலாஹ் (இறப்பு ஹி. 643) பதிவு செய்திருக்கிறார். அஹ்மத் இப்னு ஹன்பல், இஸ்ஹாக் இப்னு ராஹவைஹி, அபூஹாத்திம் அர்ராஸீ ஆகியோர் கூடாது என்றனர். அபூநுஐம் போன்ற நம்பகமான அறிவிப்பாளர்களோ கூலி பெற்றதுண்டு. அவர்தம் அறிவிப்புகள் தள்ளப்படவில்லை. ஆகவே கூலி என்ற ஒன்றினாலேயே சான்றிதழ் பொய்யாகிவிடாது. ஆனால் கூலி இருக்குமிடத்தில் ஆய்வு இருமடங்காகவேண்டும். பசுமை முத்திரைகளில் நடந்ததோ பல வேளைகளில் நேர்மாறானது. உலக வனவிலங்கு நிதியத்தின் பிரிட்டன் கிளைக்காக 2000ஆம் ஆண்டில் தயாரிக்கப்பட்ட ஆய்வொன்று, கிரீன் குளோப் முத்திரையைச் சாதித்தவர் மட்டுமன்றிச் சாதிக்க முயல்வதாக ஒப்புக்கொண்டவரும் பயன்படுத்த முடிந்ததைக் குறைகூறிற்று. நிய்யத் வைத்தவருக்கே ஹாஜி என்ற பட்டம் கிடைத்துவிட்டதைப் போன்றது இது.

அண்மைக்கால எடுத்துக்காட்டும் உண்டு. புக்கிங் டாட் காம் நிறுவனம் 2021இல் தன் தளத்தில் நிலைத்த பயணத்திற்கென ஓர் அடையாளத்தைத் தொடங்கி, விடுதிகளுக்கு இலைக்குறி வழங்கிற்று. பயணிகளைத் தவறான எண்ணத்திற்கு உள்ளாக்கக்கூடும் என்று நெதர்லாந்தின் நுகர்வோர் ஆணையம் சுட்டியதை அடுத்து, 2024இல் அத்திட்டத்தை விலக்கிக்கொண்டது. அறையை விற்பவரே இலைக்குறியும் வழங்கினால், அங்கே வாதியும் சாட்சியும் ஒருவராகிவிடுகின்றனர்.

இரண்டாம் கேள்வி: கை குவியலுக்குள் சென்றதா?

சந்தையில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்த நபி (ஸல்) அவர்கள், அதனுள் கையைவிட்டு ஈரத்தை உணர்ந்ததும், மழையில் நனைந்தது என்று வணிகர் கூற, மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா எனக் கேட்டு மோசடியைக் கண்டித்ததும் முஸ்லிம் கிரந்தத்தில் உள்ள செய்தி. மூன்று பாடங்கள் இதிலுண்டு. முன்னறிவிப்பின்றிச் சென்றார்கள்; மேற்பரப்பைக் கண்டு நின்றுவிடவில்லை; வணிகரின் கொள்கை என்ன என்று கேட்காமல் தானியத்தையே தொட்டுப் பார்த்தார்கள்.

பசுமைத் தணிக்கைகள் பெரும்பாலும் முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யப்படுகின்றன. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், பட்டப்படிப்பும் முடித்து ஓர் உல்லாச விடுதியின் கணக்குப் பிரிவில் பணியாற்றினார். விடுமுறையில் என்னைக் காண வந்தபோது அவர் சொன்னது மறக்கவில்லை. தணிக்கைக்கு ஒரு வாரம் இருக்கும்போது நான்கு நிறக் குப்பைத் தொட்டிகள் வெளியே வரும். அதிகாரி போனதும் கிடங்கிற்குத் திரும்பிவிடும். நான்கு தொட்டிகளின் குப்பையும் கடைசியில் ஒரே வண்டியில்தான் ஏறும். “உஸ்தாத், அவர் எங்களிடம் காகிதங்களைத்தான் அதிகம் கேட்டார்” என்றார். ஒரு விடுதியைக் கொண்டு எல்லாவற்றையும் அளக்கலாகாது. ஆயினும் காகிதம் கேட்பது இம்முறையின் இயல்பிலேயே உள்ள நோய். கொள்கை அறிக்கை இருக்கிறதா, பயிற்சி தந்தீர்களா, பொறுப்பாளரை நியமித்தீர்களா என்பன நடைமுறை குறித்த கேள்விகள். கடலில் கலக்கும் கழிவுநீர் குறைந்ததா என்பது விளைவு குறித்த கேள்வி. முன்னவற்றுக்கு எளிதில் விடை எழுதலாம்; பின்னதற்குக் கையைக் குவியலுக்குள் விடவேண்டும்.

ஹனஃபீ மத்ஹபின் ஹிதாயா நூலில் சாட்சிகளைச் சோதிக்கும் முறை விளக்கப்படுகிறது. காழி, சாட்சியின் பெயர், அடையாளம், அவர் தொழும் இடம் ஆகியவற்றை எழுதி, விசாரிப்பவருக்கு இரகசியமாக அனுப்புவார். விசாரிப்பவர் யாரென்று வெளிப்பட்டால் அவர் ஏமாற்றப்படவோ இன்னலுக்கு உள்ளாகவோ கூடும் என்பதே காரணம். அதே இடத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. வெளித்தோற்ற நேர்மை போதும் என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). குற்றவியல் வழக்குகளை மட்டும் விலக்கினார். விசாரணை எவ்வழக்கிலும் தேவை என்றனர் அவருடைய மாணவர்களான அபூயூஸுஃபும் முஹம்மதும். பிற்கால அறிஞர்கள் மாணவர்களின் கருத்தையே தீர்ப்புக்குரியதாக எடுத்துக்கொண்டு, இது காலத்தால் வந்த வேறுபாடு என்றனர். மக்கள் மாறிவிட்டார்கள், ஆகவே விதியும் இறுகிற்று. 2020இல் ஐரோப்பிய ஆணையம் நடத்திய ஆய்வில், சோதிக்கப்பட்ட பசுமைக் கூற்றுகளில் 53 விழுக்காடு தெளிவற்றவையாகவோ தவறாக வழிநடத்துபவையாகவோ ஆதாரமற்றவையாகவோ இருந்தன; 40 விழுக்காட்டுக்கு எவ்வித ஆதாரமும் இல்லை. அபூயூஸுஃபின் காலத்தைவிட நம் காலம் நேர்மையில் சிறந்ததென்று எவரும் வாதிடமாட்டார்.

குவியலின் அடியில் கிடக்கும் பெரிய ஈரம் ஒன்றுண்டு. அது விமானப் பயணம். 2024 டிசம்பரில் வெளியான ஆய்வொன்றின்படி, 2019இல் உலகின் வெப்பவாயு உமிழ்வில் 8.8 விழுக்காடு சுற்றுலாவைச் சார்ந்தது. அதில் விமானத்தின் பங்கு மிகப் பெரிது. விடுதியின் சான்றிதழோ விடுதியின் மதிலோடு நின்றுவிடுகிறது. மாலத்தீவை நோக்குங்கள். 2016இல் கடல் வெப்பமடைந்தபோது அங்கே ஆய்வுக்கு உட்படுத்தப்பட்ட பவளங்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு வெளிறிப்போயின. அந்தப் பவளத்தைக் காண்பதற்காகவே பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வரும் விருந்தினர், கடலைச் சூடாக்கும் புகையில் தம் பங்கையும் விட்டுத்தான் வருகிறார். வந்தபின் துண்டைக் கொக்கியில் மாட்டுகிறார். இரண்டையும் ஒரே தராசில் வைக்கும் சான்றிதழ் பரவலான வழக்கில் இல்லை. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்துத் தொடங்கும் அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயத்தின் எச்சரிக்கை, குறைத்து நிறுப்பவருக்கு மட்டும் உரியதன்று. நிறுக்கவேண்டியதில் பாதியைத் தராசிலேயே ஏற்றாதவருக்கும் அது பொருந்தும்.

மூன்றாம் கேள்வி: அழைக்கப்படாத சாட்சி யார்?

மாலத்தீவைப் பற்றி இன்னும் சிறிது பேசவேண்டும். முழு முஸ்லிம் நாடு. மாசிக்கருவாட்டின் வழியே நம் கடற்கரை வணிகர்களுக்கு நெடுநாள் பழக்கமானது. 1972இல் குரும்பாத் தீவில் முதல் விடுதி திறக்கப்பட்டது. மக்கள் வாழாத தீவொன்றை ஒரே விடுதிக்கு ஒதுக்கும் முறை அங்கு வேரூன்றியது. குடிமக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் பெருகியது 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர்தான். 2024இல் பயணிகளின் எண்ணிக்கை 20 இலட்சத்தைத் தாண்டிற்று. நாட்டின் மக்கள்தொகையோ 2022 கணக்கெடுப்பின்படி 5 இலட்சத்தைச் சற்றே கடந்தது. தலைநகர் மாலேயின் குப்பையும் விடுதிகளின் குப்பையும் 1990களின் தொடக்கத்திலிருந்து திலாஃபூஷி என்னும் இடத்தில் கொட்டப்பட்டு, அதுவே ஒரு தீவாக வளர்ந்தது. ஆண்டுக்கணக்கில் அங்கே திறந்தவெளியில் குப்பை எரிந்தது. 2021இல்தான் அது நிறுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டுகள் முழுவதும் பல விடுதித் தீவுகளின் வரவேற்புக் கூடங்களில் பச்சைச் சான்றிதழ்கள் தொங்கிக்கொண்டிருந்தன. சான்றிதழ் சொன்னது பொய்யன்று. விடுதித் தீவு தூய்மையாகவே இருந்தது. குப்பை வேறு தீவில் எரிந்தது. புகையைச் சுவாசித்தவரை எவரும் சாட்சிக் கூண்டிற்கு அழைக்கவில்லை.

நமக்கு இன்னும் அருகில் உள்ளது சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளம். தர்கா அமைந்த ஊராகவே நம்மில் பலர் அதனை அறிவோம். மீனவர் வாழும் ஊரும்கூட. 2021இல் அதன் கடற்கரையின் ஒரு பகுதிக்கு நீலக்கொடி கிடைத்தது. நீலக்கொடியின் சிறப்புகளைச் சொல்லாமல் விடுவது நீதியன்று. அது நிரந்தரப் பட்டமன்று, காலந்தோறும் புதுப்பிக்கப்படவேண்டும். நீரின் சோதனை முடிவுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும். குளிக்க வரும் குழந்தைகளுக்கு அது நன்மையே. ஆனால் இந்தக் கொடிக்குத் தேவையான கழிப்பறை, உடைமாற்றும் அறை முதலியவற்றை எழுப்புவதற்காக, 2020 ஜனவரியில் கடலோர ஒழுங்குமுறை விதிகளையே நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் தளர்த்திற்று. கடற்கரையைக் காக்க எழுந்த சட்டம், கடற்கரை காக்கப்பட்டதற்கான சான்றைப் பெறுவதற்காக வளைந்து கொடுத்தது. இதனைவிடக் கூர்மையான முரணணியை நம் பலாகா நூல்களில் தேடவேண்டியதில்லை.

கொடி பறக்கும் மணலில் படகை ஏற்றவும் வலையை உலர்த்தவும் மீனவருக்கு உள்ள உரிமை என்ன ஆகிறது என்பதை நேரடியாக அளக்கும் அளவுகோல் அந்த 33இல் இல்லை. உலகளாவிய அளவுகோல்களில் உண்டு. நிலத்தையும் நீரையும் உள்ளூர் மக்கள் பயன்படுத்தும் வாய்ப்பை விடுதி கெடுக்கலாகாது என்று அவை கூறுகின்றன. எழுத்தில் குறையில்லை. அது நிறைவேறியது என்பதற்கு யாருடைய சாட்சியம் பெறப்படுகிறது என்பதே கேள்வி. மீனவர் தம் மொழியில், விடுதி மேலாளர் இல்லாத இடத்தில் விசாரிக்கப்படுகிறாரா?

இங்கே ஹிமாவின் வரலாறு நினைவுக்கு வருகிறது. பொது நன்மைக்காகக் காக்கப்பட்ட மேய்ச்சல் நிலமே ஹிமா. இன்றைய சூழலியலாளர்களும் மதித்துப் பேசும் ஏற்பாடு. உமர் (ரலி) அவர்கள் ஹுனை என்பவரை ஹிமாவுக்குப் பொறுப்பாக்கியபோது கூறிய அறிவுரை புகாரீயில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடையவரை உள்ளே விடும்படியும், இப்னு அவ்ஃப், இப்னு அஃப்ஃபான் ஆகிய செல்வர்களின் மந்தைகளை விடவேண்டாம் என்றும் கட்டளையிட்டார்கள். செல்வர்தம் கால்நடை மடிந்தால் அவர்களுக்குப் பேரீச்சந் தோப்பும் விளைநிலமும் உண்டு. ஏழையின் மந்தை மடிந்தால் அவர் பிள்ளைகளோடு ஆட்சியாளரின் வாசலில் வந்து நிற்பார் என்பது அதற்கான காரணம். அந்த இரு செல்வர்களும் சுவனத்து நற்செய்தி பெற்ற பெரும் நபித்தோழர்கள் என்பதை எண்ணும்போதுதான் அக்கட்டளையின் கனம் புலனாகும். காப்பு நிலத்தில் முதல் உரிமை ஏழைக்கு. இன்றைய காப்புக் கடற்கரைகளில் வரிசை தலைகீழாக நிற்கிறது. கட்டணம் செலுத்துபவர் உள்ளே. படகு இழுத்தவர் கயிற்றுக்கு வெளியே.

மறுப்பும் மாற்றும்

சான்றிதழே வேண்டாமா, இருப்பதையும் ஒழித்துவிட்டால் விடுதிகள் இன்னும் கட்டற்றுப் போகாவா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இட்டுக்கட்டுவோர் பெருகினர் என்பதற்காக ஹதீஸ் அறிஞர்கள் ஹதீஸைக் கைவிடவில்லை; தரம் பிரித்தார்கள். ஸஹீஹ், ஹஸன், ளயீஃப், மவ்ளூஃ என்று பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய இடத்தைக் கொடுத்தார்கள். முத்திரைகளுக்கும் அதுவே வழி. கோஸ்டாரிக்காவில் அரசே முன்னின்று, ஒரே சான்றாக அல்லாமல் படிநிலைகளாக வகுத்தது இத்தகைய முயற்சி. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய நெறியாணையொன்று, முறையான சான்றளிப்புத் திட்டத்தையோ அரசு அமைப்பையோ சாராத நிலைத்தன்மை முத்திரைகளைத் தடைசெய்து, 2026 செப்டம்பர் 27ஐ அமலுக்குரிய நாளாகக் குறித்தது. மவ்ளூஃ எனும் இட்டுக்கட்டல்களைக் களையும் வேலை அது.

ஆனால் அடிப்படைக் கண்ணி சரியாகவேண்டும். மாலத்தீவு அரசு 2015 நவம்பரிலிருந்து விடுதியில் தங்கும் பயணியிடம் ஓர் இரவுக்கு 6 டாலர் பசுமை வரி பெற்றது. 2025 ஜனவரியில் பெரிய விடுதிகளுக்கு அது 12 டாலராயிற்று. இத்தகைய பொது நிதி ஒன்று இருக்கும்போது, தணிக்கையாளரின் ஊதியத்தை அதிலிருந்தே தருவதற்கு என்ன தடை? விடுதி பொது நிதிக்குச் செலுத்தட்டும். எந்தத் தணிக்கையாளர் எந்த நாளில் எந்த விடுதிக்குச் செல்வார் என்பதைப் பொது அமைப்பு தீர்மானிக்கட்டும். அறிக்கை அண்டைத் தீவின் மக்கள் வாசிக்கும் மொழியில் வெளிவரட்டும். மாவர்தீ சொன்ன பைத்துல்மால் ஊதியமும் ஹிதாயா சொன்ன இரகசிய விசாரணையும் இதில் ஒன்றுசேர்ந்துவிடும். அரசு அலுவலர்கள் மட்டும் ஊழலுக்கு அப்பாற்பட்டவர்களா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. ஷைஸரீ அத்தனை எச்சரிக்கைகளை எழுதவேண்டி வந்ததே முஹ்தஸிபுகளும் மனிதர்கள் என்பதால்தான். ஆயினும் சோதிக்கப்படுபவரே சோதிப்பவரைத் தேர்ந்து கூலியும் தரும் ஏற்பாட்டில், ஊழல் நடைபெற ஒருவர் கெட்டவராகவேண்டிய தேவைகூட இல்லை.

நம் கண்ணாடி

இந்தக் கேள்விகளை மற்றவர் மீது எறிந்துவிட்டு எழுந்துபோவது எளிது. அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம், நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறும், அது நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராயினும் பின்வாங்காதிருக்குமாறும் பணிக்கிறது. ஆகவே கேட்கவேண்டும்: நம் ஹலால் சான்றிதழ்களின் நிலை என்ன? அங்கும் கட்டணம் செலுத்துபவர் சான்று பெறுபவரே. அங்கும் சான்று வழங்குவோர் பலர். ஒருவர் மறுத்தால் மற்றொருவர் வாசல் திறந்திருக்கிறது. இன்று ஹலால் சுற்றுலா என்ற பெயரில், மதுவில்லை, கிப்லாக் குறி உண்டு, பெண்களுக்குத் தனி நீச்சல் குளம் உண்டு என்பவற்றைக் கணக்கிட்டு விடுதிகள் முத்திரை பெறுகின்றன. அந்த நீச்சல் குளத்து நீர் எந்த ஊரின் கிணற்றை வற்றச் செய்து வந்தது, அறையைத் துடைக்கும் பெண்ணுக்குக் கூலி முறையாகக் கிடைத்ததா என்ற கேள்விகளுக்கு அதில் இடமுண்டா? இறைமறை ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லையும் சேர்த்தே கூறுகிறது. முன்னதை முத்திரையாக்கினோம், பின்னதை மறந்தோம்.

கந்தூரி முடிந்த மறுநாட் காலையில் நம் கடற்கரை ஊர்களைக் கண்டவர்களுக்கு, பச்சைப் பூச்சு விடுதிக்காரர்களின் குற்றம் மட்டுமன்று என்பது விளங்கும். ஓடும் ஆற்றில் உளூச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்ற நபிமொழியை மேடைதோறும் சொல்கிறோம். இப்னுமாஜாவில் வரும் அதன் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் அறிஞர்கள் கூறுவர். கருத்தோ, உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் எனும் பொருள்படும் இறைவசனத்தால் உறுதி பெறுகிறது. தொடரில் பலவீனம் கண்டால் தயங்காமல் சொல்லும் அந்த நேர்மையைத்தான் நாம் முத்திரைகளிடமும் எதிர்பார்க்கிறோம். தமக்கு உகந்த கருத்தைத் தாங்கிய செய்தியாயினும், அறிவிப்பாளர் தகுதியற்றவரெனில் நம் முன்னோர் அதனை எழுதிவைத்தார்கள்.

அன்று அந்த விடுதியில் துண்டைக் கொக்கியில்தான் மாட்டினேன். அட்டை சொன்னதற்காக அன்று. ஒரு முறை முகம் துடைத்த துண்டை வெளுக்கப் போடுவது வீண்விரயம் என்பதற்காக. மாலையில் திரும்பி வந்தபோது அது எடுக்கப்பட்டிருந்தது. புதிய துண்டொன்று அழகாக மடித்து, அதே அட்டையின்மீது வைக்கப்பட்டிருந்தது. அறையைத் துப்புரவு செய்த அந்த ஏழைப் பணியாளரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அட்டையில் எழுதியிருந்ததை அவருக்கு எவரும் வாசித்துக் காட்டியிருக்கமாட்டார்கள். கீழே சான்றிதழ் அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.